தியானம் கைகூட கஞ்சா, போதைக் காளான் உதவுமா? சித்தர்களே பயன்படுத்தினார்களாமே?

இந்தக் கேள்வியைக் கேட்பவர் யாராக இருக்கும் என்று எனக்கு ஓரளவு தெரியும். வயது இருபத்திரண்டுக்கும் இருபத்தெட்டுக்கும் நடுவில். ஒரு வருடமோ இரண்டு வருடமோ தினமும் உட்கார்ந்து பார்த்திருப்பீர்கள். கண்ணை மூடினால் கால் மரத்துப்போனதும் பழைய சண்டைகளும் தவிர வேறெதுவும் வந்திருக்காது. நண்பன் ஒருவன், "ஒரே ஒரு இழுப்பு இழுத்துட்டு உட்காருடா, அப்புறம் பேசு" என்றிருப்பான். சித்தமூலி, சிவமூலிகை என்று ஒரு வீடியோவும் அனுப்பியிருப்பான். தப்பாக ஊகித்திருந்தால் மன்னியுங்கள். நான் அப்படி இருந்தேன், அதனால் கேட்கிறவர்கள் எல்லாருமே என்னைப் போலத் தெரிகிறார்கள்.

நான் ஒழுக்கம் போதிக்க வரவில்லை. சிவராத்திரியன்று காசியில் கஞ்சா இலையில் செய்யும் பாங் குடிக்கிறவரையோ கும்பமேளாவில் புகைக்கிற நாகா சாதுவையோ திட்டுவது என் வேலை இல்லை. என் கதையைச் சொல்கிறேன். உங்களுக்கும் இதே போல நடக்கும் என்றும் சொல்லவில்லை.

சித்தர்கள் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். கஞ்சாவுக்குச் சித்தமூலி என்ற பெயர் உண்டு. சித்த மருத்துவத்தில் கஞ்சா சேரும் மருந்துகளும் உண்டு. ஆனால் அங்கே அது சுத்தி செய்து, அளவு பார்த்து, நோய்க்குக் கொடுக்கிற சரக்கு. மருந்துச் சட்ட விதிகளின் இ-1 அட்டவணையில் சித்த மருத்துவத்தின் நச்சுச் சரக்குகளுக்கு ஒரு பட்டியல் இருக்கிறது. எட்டி, அலரி ஆகியவற்றோடு கஞ்சாவும் இருப்பது அதில்தான். சிவனுக்கு உகந்தது, அதனால் புகைக்கலாம் என்கிறவர்களிடம், சிவன் சூடும் ஊமத்தையைச் சாப்பிடச் சொன்னால் மட்டும் பின்வாங்கிவிடுகிறார்கள். (யாரும் சோதித்துப் பார்க்க வேண்டாம், ஊமத்தை ஆளைக் கொல்லும்.) திருமூலர் முதல் தந்திரத்தில் கள்ளுண்ணாமைக்கென்று தனித் தலைப்பே வைத்திருக்கிறார். சமாதியில் ஊறும் சிவானந்தத்தைத் 'தேறல்' (தெளிந்த கள்) என்று அவர் பாடுவது அந்தத் தலைப்புக்குக் கீழேதான். வீடியோக்காரர்கள் தேறலை எடுத்துக்கொண்டு தலைப்பை விட்டுவிடுகிறார்கள்.

எதிர்ப்பக்கம் சொல்வதையும் மறைக்கவில்லை. பதஞ்சலி யோக சூத்திரத்தின் நான்காம் பாதம், முதல் சூத்திரம்: சித்திகள் பிறப்பால், ஔஷதத்தால் (மூலிகை மருந்தால்), மந்திரத்தால், தவத்தால், சமாதியால் வருகின்றன. ஔஷதம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதற்கு முந்தைய பாதத்திலேயே, இந்தச் சக்திகள் சமாதிக்கு இடையூறு என்றும் சொல்லியாகிவிட்டது. ரிக்வேதத்தின் ஒன்பதாம் மண்டலம் முழுக்கச் சோமம் என்ற செடியின் சாற்றைப் பற்றியது. அது எந்தச் செடி என்பதில் இன்றுவரை ஒருமித்த முடிவு இல்லை. 1968-ல் வாசன் என்ற அமெரிக்கர் அதைக் காளான் என்றார், எஃபெட்ரா என்கிறவர்களும் இருக்கிறார்கள். செடியே எதுவென்று தெரியாத ஒன்றைக் காட்டி, பொட்டலத்தில் வருவதற்கு வேத சம்மதம் வாங்க முடியாது. பௌத்தர்களிடம் போனால் பேச்சே இல்லை, ஐந்தாவது சீலமே போதை கூடாது என்பதுதான்.

சரி, என் கதை.

2009-ல் எனக்கு இருபத்து நான்கு வயது. திருவண்ணாமலைக்கு மாதாமாதம் கிரிவலம் போய்க்கொண்டிருந்தேன். பதினான்கு கிலோமீட்டர். பௌர்ணமிக் கூட்டம் பிடிக்காது, அதனால் சாதாரண நாளில் ராத்திரி பத்து மணிக்கு மேல் தனியாக நடப்பேன். வாயு லிங்கத்துக்கும் குபேர லிங்கத்துக்கும் நடுவில் ஒரு வயதான சாது உட்கார்ந்திருப்பார். ஒருநாள் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கஞ்சா புகைக்கும் சிலும்பியை நீட்டினார். நான்தான் கையை நீட்டினேன் என்று சொல்வதே சரியாக இருக்கும்.

பொய் சொல்ல மாட்டேன், அந்த ராத்திரி அற்புதமாக இருந்தது. மலை மூச்சு விடுவது போல இருந்தது. இரண்டு வருடமாகப் பத்து நிமிஷம் அசையாமல் உட்கார முடியாதவன், ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தேன். எழுந்திருக்கும்போது கண்ணில் தண்ணீர்.

அடுத்த மாதம் அவரிடம் கேட்டேன். "சாமி, இது இல்லாம உங்களுக்குத் தியானம் வருமா?"

"தியானமா? முட்டி வலிக்குது தம்பி. பனி வேற. இதை இழுத்தா கொஞ்சம் தெரியாது, அவ்வளவுதான்."

பெரியவர்கள் ரகசியத்தை இப்படித்தான் மறைப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அந்த மனுஷர் சொன்னது முழுக்க முழுக்க முட்டியைப் பற்றித்தான் என்று எனக்குப் புரிய நான்கு வருடம் ஆனது.

அப்புறம் அறையிலேயே தொடங்கிவிட்டது. முதலில் சனிக்கிழமை மட்டும். பிறகு தினமும் காலையில், உட்காருவதற்கு முன்னால். எட்டு மாதத்தில் அது இல்லாமல் உட்காரவே முடியாத நிலை. பக்கத்தில் ஒரு நோட்டு வைத்திருந்தேன், வருகிற தரிசனங்களை எழுதிவைக்க. நூற்றைம்பது பக்கத்துக்கு மேல் எழுதினேன். பிறகு ஒருநாள் தெளிவாக இருக்கும்போது முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். 'தண்ணீருக்குத் தாகம் எடுப்பதில்லை' என்ற ஒரே வாக்கியம் பதினோரு தடவை, பதினோரு தேதிகளில். ஒவ்வொரு தடவையும் கீழே இரண்டு கோடு. இரண்டு இடத்தில் 'இதுவரை யாரும் சொல்லாதது' என்று குறிப்பு வேறு.

இதற்கு விளக்கம் இருக்கிறது. கஞ்சாவில் இருக்கும் டிஎச்சி என்ற போதைச் சத்து போய் உட்காரும் ஏற்பிகள், மூளையில் நினைவைப் பதிகிற ஹிப்போகேம்பஸ் பகுதியில் நெருக்கமாக இருக்கின்றன. குறுகிய கால நினைவு கழன்றுகொள்கிறது. முந்தைய நிமிஷம் நழுவிப்போவதால் இந்த நிமிஷம் புத்தம் புதிதாகத் தெரிகிறது, நேரம் நீள்கிறது. நான் அதை 'நிகழ்கணத்தில் இருத்தல்' என்று நினைத்தேன். மறதிக்கு நான் வைத்த பெயர் அது. அந்த ஏற்பிகளில் சேர நம் உடம்பே சுரக்கும் பொருள் ஒன்றை 1992-ல் ஜெருசலேமில் ரஃபேல் மெக்கூலமின் ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்து, நம் ஆனந்தம் என்ற சொல்லிலிருந்தே ஆனந்தமைடு என்று பெயர் வைத்தார்கள். பார்த்தாயா, விஞ்ஞானமே ஒப்புக்கொண்டுவிட்டது என்று இதையும் பின்னூட்டத்தில் எழுதுவார்கள். பெயர் வைத்தவருக்குச் சமஸ்கிருதச் சொல் பிடித்திருந்தது என்பதைத் தவிர அதில் வேறு நிரூபணம் எதுவும் இல்லை.

இத்தோடு நின்றிருந்தால் ஒரு நோட்டோடு போயிருக்கும். 2010 ஐப்பசியில் கொடைக்கானல் மலையில் ஒரு நண்பன் காளான் கொடுத்தான். 'கஞ்சா எல்லாம் சின்னப் பசங்களுக்கு, இதுதான் நிஜமான தீட்சை' என்று சொல்லித்தான் கொடுத்தான். முதல் ஒரு மணி நேரம் நன்றாகத்தான் போனது. தியானம் செய்வோம் என்று வழக்கம்போல மூச்சைக் கவனிக்க உட்கார்ந்தேன். திடீரென்று ஒரு எண்ணம்: இந்த மூச்சை நான்தான் இழுத்துக்கொண்டிருக்கிறேன், கவனிப்பதை நிறுத்தினால் மூச்சும் நின்றுவிடும். இப்போது எழுதும்போது சிரிப்பாக இருக்கிறது. அன்றைக்கு அது எண்ணமாக இல்லை, கையில் தொட்டுப் பார்க்கிற உண்மையாக இருந்தது. விடியும்வரை ஒவ்வொரு மூச்சாக நானே இழுத்து நானே விட்டேன். தூங்கினால் செத்துவிடுவேன் என்று நண்பனின் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவன் பயந்து அழுதுவிட்டான்.

மறுநாள் போதை இறங்கிவிட்டது. பயம் இறங்கவில்லை. அடுத்த மூன்று மாதம், கண்ணை மூடி மூச்சின் மேல் கவனம் போன உடனே நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வேர்க்கும். பஸ்ஸில், சாப்பாட்டுக்கு நடுவில், எங்கேயாவது மூச்சு ஞாபகம் வந்துவிட்டால் போச்சு. தியானத்தில் நான் கற்றிருந்தது மூச்சைக் கவனிப்பது ஒன்றைத்தான். ஆழம் போக வழி கேட்டவனுக்கு வாசலே பூட்டிக்கொண்டது.

மனநல மருத்துவரிடம் போனேன். அவர் கிண்டல் செய்யவில்லை. முதலில் கேட்டது, குடும்பத்தில் யாருக்காவது மனநோய் இருந்ததா என்று. இல்லை என்றேன். "அம்மாகிட்ட ஒரு தடவை கேட்டுட்டு வாங்க" என்றார். போனில் கேட்டேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் சித்தப்பாவைப் பற்றிச் சொன்னார். இருபத்தாறு வயதில் வேலையை விட்டுவிட்டு, தன்னிடம் கடவுள் பேசுகிறார் என்று ஊர் ஊராகத் திரிந்தவர். வீட்டில் அதுவரை எங்களுக்குச் சொல்லியிருந்தது, 'சித்தப்பா சாமியாராகப் போய்விட்டார்' என்று. நானும் சின்ன வயதில் அதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்திருக்கிறேன்.

குடும்பத்தில் மனச்சிதைவோ இருதுருவ நோயோ இருப்பவர்களுக்குக் கஞ்சா அந்த நோயைத் தூண்டிவிடும் அபாயம் மற்றவர்களைவிட அதிகம், இளவயதில் இன்னும் அதிகம். எனக்கு அவ்வளவு தூரம் போகவில்லை, பதற்ற நோயோடு நின்றது. ஒரு வருடம் மாத்திரை சாப்பிட்டேன். மருந்தும் ரசாயனம்தானே என்று கேட்கப்போகிறவருக்கு: ஆமாம், ரசாயனம்தான். யார் கொடுத்தார், எவ்வளவு கொடுத்தார், என்ன கேட்டுவிட்டுக் கொடுத்தார் என்பதுதான் வித்தியாசம்.

         

சரி, கேள்விக்கு வருகிறேன். இந்தத் தலைப்பில் எல்லாரும் சொல்லும் கதை ஒன்று உண்டு. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திலிருந்து 1963-ல் நீக்கப்பட்ட உளவியலாளர் ரிச்சர்ட் ஆல்பர்ட், 1967-ல் இமயமலைப் பக்கம் வந்து நீம் கரோலி பாபா என்ற சாமியாரைச் சந்தித்தார். பிற்பாடு ராம் தாஸ் ஆனவர் அவர்தான். பாபா எல்எஸ்டி என்ற போதை மாத்திரைகளைக் கேட்டு வாங்கி விழுங்கினார், அவருக்கு ஒன்றுமே ஆகவில்லை என்று ராம் தாஸ் எழுதினார். நண்பன் எனக்கு இந்தக் கதையைச் சொல்லித்தான் காளானைக் கொடுத்தான். கதையை இன்னொரு தடவை படியுங்கள். ஒன்றும் ஆகாதவர் பாபா. நீங்களும் நானும் அந்தக் கதையில் மாத்திரை கொண்டுவந்தவர் பக்கம். 1966-லேயே மெஹர் பாபா என்ற இன்னொரு ஆன்மிக குரு, கடவுள் மாத்திரையில் வரமாட்டார் என்று வெளிநாட்டு இளைஞர்களுக்குச் சொல்லி ஒரு சிறு வெளியீடே போட வைத்தார். அதை யாரும் பகிர்வதில்லை.

ஆராய்ச்சிகளைக் காட்டுகிறவர்களுக்கும் ஒன்று. 1962-ல் பாஸ்டனில் புனித வெள்ளியன்று இருபது இறையியல் மாணவர்களில் பத்துப் பேருக்குக் காளானில் உள்ள சிலோசைபினைக் கொடுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலோர் ஆழ்ந்த ஆன்மிக அனுபவம் பெற்றதாகச் சொன்னார்கள். அதைத்தான் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதில் ஒருவரை ஊசி போட்டு அமைதிப்படுத்த வேண்டியிருந்தது என்பது முதல் அறிக்கையில் இல்லை. 1991-ல் வந்த தொடராய்வில்தான் வெளியே தெரிந்தது. அந்த ஒருவரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். இப்போது மனச்சோர்வுக்காக நடக்கும் சிலோசைபின் ஆய்வுகளை நான் எதிர்க்கவில்லை. அங்கே குடும்ப வரலாறு கேட்கிறார்கள், பக்கத்தில் பயிற்சி பெற்றவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். மலையில் என் பக்கத்தில் இருந்தவன் அழுதுகொண்டிருந்தான்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1985-ன் போதைப்பொருள் சட்டத்தில் கஞ்சா என்பது பூவும் காயுமாக இருக்கும் நுனிப்பகுதி, தனி இலை அதில் சேராது. வடக்கே பாங் விற்க முடிவது அதனால்தான். கஞ்சா புகைத்துப் பிடிபட்டால் ஆறு மாதம் வரை சிறையோ, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ. 'ஆன்மிகத்துக்காக' என்று சொல்லித் தப்பிக்க அதில் இடமில்லை.

ஏற்கெனவே தொடங்கி, பயமோ குரல்களோ தூக்கமின்மையோ வந்திருந்தால், 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். காசு கிடையாது.

நான் இப்போது என்ன செய்கிறேன் என்றால், நடக்கிறேன். மூச்சு வேண்டாம், பாதத்தைக் கவனி என்று அந்த மருத்துவர்தான் சொன்னார். இடது, வலது, அவ்வளவுதான். ஆறேழு வருடம் கழித்துத்தான் பயமில்லாமல் உட்கார்ந்து மூச்சைப் பார்க்க முடிந்தது. இன்று காலை இருபது நிமிஷம் உட்கார்ந்தேன். அதில் பாதி நேரம் கரண்ட் பில்லைப் பற்றித்தான் யோசித்தேன். நோட்டில் எதுவும் எழுதவில்லை.

பின்குறிப்பு: கொடைக்கானலில் எந்த இடம் என்று தனிச்செய்தியில் கேட்காதீர்கள். இதே விஷயத்தில் போன தடவை சின்னதாக ஒரு பதில் எழுதியபோது நான்கு பேர் கேட்டார்கள். அதில் ஒருவர் பதிலுக்கு நன்றியும் சொல்லியிருந்தார்.