கணினி கேள்வி–பதில்: நிலையான டெபியனில் புதிய பதிப்புகள்

கேள்வி: கல்லடியில் தட்டச்சு, பக்க வடிவமைப்பு நிலையம் ஒன்றை நடத்துகிறேன். பாடசாலை மலர்களும் கோயில் திருவிழாத் துண்டுப்பிரசுரங்களுமே பெரும்பாலான வேலை. மூன்று கணினிகளிலும் டெபியன் 13 என்ற லினக்ஸ் இயங்குதளம் உள்ளது. அதிலுள்ளதைவிடப் புதிய லிப்ரே ஒபிஸ் தேவைப்படுகிறது. மென்பொருள்களைப் பெறும் களஞ்சியங்களின் பட்டியலில் ‘டிரிக்ஸி’ (டெபியன் 13 இன் பெயர்) என்றுள்ள இடத்தில் ‘சிட்’ என்று மாற்றினால் எல்லாம் புதிதாகிவிடும் என்கிறார் நண்பர். மாற்றலாமா?
– வாசகர், மட்டக்களப்பு

பதில்: மாற்ற வேண்டாம். சொன்ன நாளில் வேலையை முடித்துக் கொடுக்க வேண்டிய கணினிகளில் அது கூடவே கூடாது.

டெபியன் 13 வெளியானது 2025 ஓகஸ்ட் 9 ஆம் திகதி. ஆயினும் புதிய பதிப்புகளை உள்ளே எடுப்பதை அந்த ஆண்டின் மார்ச் மாதத்திலிருந்தே படிப்படியாக நிறுத்தி, இருப்பவற்றின் வழுக்களைக் களைந்த பின்னரே அதை வெளியிட்டார்கள். அதனால்தான் அதில் லிப்ரே ஒபிஸ் 25.2 இருக்கிறது, அதே ஓகஸ்ட் மாதத்தில் வந்த 25.8 இல்லை. அடுத்த டெபியன் வரும்வரை, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு, பாதுகாப்புத் திருத்தங்கள் வருமே தவிர, பெரும்பாலான மென்பொருள்களின் பதிப்பு மாறாது. நான் இதைக் குறையாகக் கருதவில்லை. இன்று வடிவமைத்த மலரின் பக்கங்கள், நாளை கணினியைப் புதுப்பித்த பின்னரும் குலையாமல் இருப்பதற்கு இதுவே காரணம்.

‘சிட்’ என்பது புதிய பொதிகள் (நிறுவுவதற்கேற்ற மென்பொருள் கோப்புகள்) முதலில் வந்து சேரும் சோதனைக் களம். அங்கிருந்து ஒரேயொரு மென்பொருளை எடுத்தாலும், அது அங்குள்ள புதிய நூலகங்களோடு (பல நிரல்கள் பகிர்ந்து பயன்படுத்தும் நிரல் தொகுதிகள்) சேர்த்துத் தொகுக்கப்பட்டிருப்பதால் அவற்றையும் இழுத்துக்கொண்டு வரும். ஏறக்குறைய எல்லா நிரல்களும் நம்பியிருக்கும் அடிப்படைச் சி நூலகம் டெபியன் 13 இல் 2.41 ஆம் பதிப்பு. அதுவே மாறிவிட்டால், நீங்கள் கைவைக்காத நிரல்களும் பாதிக்கப்படலாம். பழைய பதிப்புக்குத் திரும்பிச் செல்வதை டெபியன் ஆதரிப்பதில்லை என்பதையும் உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள்.

உங்களுக்கு ஏற்றது பேக்போர்ட்ஸ் களஞ்சியம். தனியார் முயற்சியாகத் தொடங்கி, 2010 இல் டெபியனின் அதிகாரபூர்வச் சேவையானது அது. அடுத்த வெளியீட்டுக்குத் தயாராகும் பொதிகளை எடுத்து, உங்களிடம் இப்போதுள்ள நூலகங்களைக் கொண்டே மறுபடி தொகுத்துத் தருகிறார்கள். அந்தக் களஞ்சியத்தைப் பட்டியலில் சேர்த்து, ‘ஆப்ட் பாலிசி’ கட்டளையை இட்டுப் பாருங்கள்: வழமையான களஞ்சியத்துக்கு நேரே 500 என்றும் பேக்போர்ட்ஸுக்கு நேரே 100 என்றும் முன்னுரிமை எண் தெரியும். அந்த எண் தாழ்ந்திருப்பதால் எதுவும் தானாக உள்ளே வராது. அதே கட்டளையோடு பொதியின் பெயரையும் சேர்த்தால் அங்கே எந்தப் பதிப்பு உள்ளது என்பது தெரியும். நிறுவும் கட்டளையில் ‘டிரிக்ஸி-பேக்போர்ட்ஸ்’ என்று இலக்கைக் குறிப்பிட்டால், கேட்ட பொதியும் அதற்கு இன்றியமையாதவையும் மட்டுமே வரும். ஆனால் பேக்போர்ட்ஸ் பொதிகளின் பாதுகாப்பு, அவற்றைப் பராமரிப்பவர்களின் கையில் உள்ளது. டெபியனின் பாதுகாப்புக் குழு நேரடியாகப் பொறுப்பேற்பதில்லை. ஆகவே தேவையானதை மட்டும் எடுங்கள்.

அங்கும் கிடைக்காவிட்டால் ஃபிளாட்பேக் என்ற நிறுவல் முறை உண்டு. அதன்வழி நிறுவிய மென்பொருள் அடிப்படை நூலகங்களைத் தொடாமல் தனியே இயங்கும். கணினியில் பொதுவாக நிறுவியுள்ள தமிழ் எழுத்துருக்களும் அதற்குள் தெரியும். முதல் முறை பதிவிறக்கம் மிகப் பெரியதாக இருக்கும் என்பதால், இரவு நேர டேட்டா உள்ளவர்கள் அதற்கென ஒதுக்கிக்கொள்வது நல்லது. பேக்போர்ட்ஸ் வழியே போனால், ஒரு கணினியில் ‘ஆப்ட்-கேச்சர்-என்ஜி’யை நிறுவி, மற்ற இரண்டையும் அதன் வழியாகப் பொதிகளைப் பெறும்படி அமைத்துவிடுங்கள். ஒரு தடவை இறக்கிய பொதி மூன்றுக்கும் பயன்படும்.

கேள்வி: புதிதாக வாங்கிய மடிகணினியில் டெபியன் 12 நிறுவினேன். வைஃபை வேலை செய்யவில்லை.
– வாசகி, அக்கரைப்பற்று

பதில்: டெபியன் 12 இல் உள்ள கரு (வன்பொருளை இயக்கும் அடிப்படை நிரல்) 6.1 ஆம் பதிப்பு. அது வெளிவந்த பின்னர் சந்தைக்கு வந்த வைஃபை சில்லுகள் பலவற்றை அது அறியாது. 6.12 கருவுள்ள டெபியன் 13 ஐ நிறுவிப் பாருங்கள். அப்போதும் சரிவராவிட்டால், மேலே சொன்ன பேக்போர்ட்ஸிலிருந்து புதிய கருவையும் ஃபேர்ம்வேர் (சில்லுக்குள் ஏற்றப்படும் நிரல்) பொதிகளையும் எடுக்கலாம். பழைய கருவும் தொடக்கப் பட்டியலில் இருக்கும்; புதியது ஒத்துவராவிட்டால் அதைத் தெரிவுசெய்து கணினியைத் தொடங்கலாம். இவற்றையெல்லாம் இறக்குவதற்கு, உங்கள் கைப்பேசியை யூஎஸ்பி கேபிளில் இணைத்து, அதில் ‘யூஎஸ்பி டெதரிங்’ வசதியை இயக்கிவிட்டால் போதும்.