குன்னூர் மலையில் ஒரு சின்னக் கல்லறை

கே: வெலிங்டன் பக்கம் ஒரு பழைய கல்லறைத் தோட்டத்தில் குழந்தைக் கல்லறை ஒன்று இருக்கிறது. குழந்தையின் பெயர், இறந்த தேதி (1876), 'வயது 1 வருடம் 4 மாதம்', அப்பாவின் பெயர், அவருடைய ரெஜிமென்ட் இவ்வளவுதான் கல்லில் உள்ளன. அம்மா பெயர்கூட இல்லை. அந்தக் குடும்பத்தைத் தேட வழி உண்டா?
- வாசகி, குன்னூர்

ப: உண்டு. ஆனால் ஒன்றரை வயதுக்குள் போய்விட்ட பிள்ளைக்குத் திருமணமோ உத்தியோகமோ உயிலோ கிடையாது. ஞானஸ்நானம், அடக்கம் என்று இரண்டே பதிவுகள்தான். அவற்றைப் பிடித்துப் பெற்றோரிடம் போகவேண்டும்.

முதலில் கல்லைச் சரியாகப் படியுங்கள். கம்பி பிரஷ்ஷும் ஆசிட்டும் வேண்டவே வேண்டாம், எழுத்தே உதிர்ந்துவிடும். வெறும் தண்ணீர், மெதுவான பிரஷ் போதும். அந்தி நேரத்தில் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் தேய்ந்த எழுத்தும் நிழல் விழுந்து தெரியும். 3, 8 இரண்டும் குழப்பும். 1, 7 இரண்டும் அப்படியே.

இறந்த தேதியிலிருந்து வயதைக் கழித்தால் பிறந்த மாதம் ஏறக்குறையக் கிடைக்கும். சென்னை மாகாணத் தேவாலயப் பதிவுகளின் நகல்கள் அந்தக் காலத்திலேயே லண்டனுக்கு அனுப்பப்பட்டன. இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் என்/2 என்ற வரிசையில் இருக்கின்றன. வம்சாவளி தேட உதவும் ஃபேமிலிசர்ச், பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களுக்கான ஃபிபிஸ் ஆகிய இணையதளங்களில் இலவசமாகப் பெயர் தேடலாம். பட்டாளம் ஊர் ஊராக மாறும் என்பதால் ஞானஸ்நானம் பெங்களூரிலோ செகந்திராபாத்திலோ நடந்திருக்கலாம். வெலிங்டனில் மட்டும் தேடி நிறுத்திவிடாதீர்கள். நகல் எடுத்தவர் பெயரைப் பிழையாக எழுதியிருக்கலாம் என்பதால் எழுத்தை மாற்றி மாற்றித் தேடுங்கள்.

பெரும்பாலும் இடறுவது இங்கேதான்: இறந்த பிள்ளையின் பெயரையே அடுத்துப் பிறந்ததற்கும் வைத்துவிடுவார்கள். அப்பா பெயரும் பிள்ளை பெயரும் பொருந்தினாலும் பிறந்த தேதி பொருந்தாவிட்டால் அது தம்பியாக இருக்கலாம்.

ஞானஸ்நானப் பதிவில் அம்மாவின் முதல் பெயர் இருக்கும், பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர் இருக்காது. அதற்குத் திருமணப் பதிவு வேண்டும். இந்தியாவில் நடந்திருந்தால் அதே என்/2 வரிசைதான். அக்காலத் திருமணப் பதிவில் மணமகன், மணமகள் இருவரின் அப்பா பெயர்களும் இருக்கும். அங்கே ஒரு தலைமுறை மேலே ஏறிவிடலாம். மூத்த பிள்ளை யாராவது இங்கிலாந்தில் பிறந்திருந்தால் இன்னும் எளிது: அந்நாட்டுப் பொதுப் பதிவாளர் அலுவலகத்தின் இணைய அட்டவணை 1837 முதலே அம்மாவின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரைத் தருகிறது.

அப்பா ஐரிஷ் கத்தோலிக்கரென்றால் என்/2-வில் விட்டுப்போயிருக்கலாம். உள்ளூர்க் கத்தோலிக்கப் பங்கு ஆலயத்தில் மூலப் பதிவேட்டைக் கேளுங்கள். அது லத்தீனில் இருக்கும்; ஜேம்ஸ் அங்கே யாகோபுஸ். ஞானப் பெற்றோரின் பெயர்களையும் எழுதிக்கொள்ளுங்கள், அவர்கள் உறவினராக இருக்கக்கூடும்.

அடக்கப் பதிவு கிடைத்தால் அந்தப் பக்கம் முழுவதையும் படியுங்கள். இறப்புக்கான நோயும் குறித்திருக்கும். அதே வாரத்தில் அதே குடும்பப் பெயரோடு இன்னொரு பிள்ளையும் அடக்கமாகியிருக்கலாம், அதற்குக் கல்லே வைக்காமல் விட்டிருப்பார்கள்.