ஃபோர்டு அணிகளும் 2024 பிளேஆஃபும்: கேள்வி பதில்

அமெரிக்காவின் நாஸ்கார் கார்பந்தயத்தின் முதன்மைத் தொடர் கப். அதன் 2024 பிளேஆஃபில், அதாவது சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதிக் கட்டங்களில், ஃபோர்டு ஓட்டுநர்கள் ஆறு பேர் நுழைந்தார்கள். கடைசிப் பந்தயத்தில் அவர்களில் இருவர், பென்ஸ்கி அணியின் ஜோயி லோகானோவும் ரயன் பிளேனியும், கோப்பைக்காக மோதிக்கொண்டார்கள். வென்றது லோகானோ. அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். புள்ளிக் கணக்கும் பிட் உத்தியும் (பந்தயத்தின் நடுவே எரிபொருளுக்கும் டயருக்கும் எப்போது நிற்பது என்ற கணக்கு) எனக்குப் பிடித்தவை, அவற்றுக்கு நீளமாகவே பதில் வரும். ஒரு வேண்டுகோள்: ஐந்து நிமிடச் சுருக்கக் காணொளியைப் பார்த்துவிட்டுத் தீர்ப்போடு வராதீர்கள்.

புதுமுகம்: இந்த பிளேஆஃப் முறையே புரியவில்லை. எளிமையாகச் சொல்லுங்களேன்.

2025 வரை இருந்த முறை இது: முதல் 26 பந்தயங்கள் வழக்கமான பருவம். அதில் வென்றவர்களை முதலில் எடுத்துக்கொண்டு, மிச்ச இடங்களைப் புள்ளிப்படி நிரப்பினால் 16 பேர். அதன்பிறகு பத்துப் பந்தயங்கள். மூன்று பந்தயங்களுக்கு ஒரு கட்டம். ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் நால்வர் வெளியே. ஒரு கட்டத்துக்குள் ஒரே ஒரு பந்தயத்தை வென்றாலும் போதும், அடுத்த கட்டத்தில் இடம் உறுதி. கடைசிப் பந்தயம் பீனிக்ஸில். எஞ்சிய நால்வரில் யார் முன்னால் முடிக்கிறாரோ அவர் சாம்பியன்.

இதில் பலரும் கவனிக்காமல் விடுவது ஒன்று. வெளியேறியவர்களும், முதலிலேயே தகுதி பெறாதவர்களும் வீட்டுக்குப் போய்விடுவதில்லை. அவர்களும் அதே தடத்தில் ஓடிக்கொண்டுதான் இருப்பார்கள். தனக்கென்று இழக்க எதுவும் இல்லாத இருபது சொச்சம் பேர், வாழ்வா சாவா என்று ஓட்டும் சிலருக்கு நடுவே. பின்னால் வந்த சண்டை சச்சரவுகளின் வேர் அங்கேதான் இருக்கிறது.

நீலச்சட்டை: ஃபோர்டு அணிக்கு எத்தனை கார்? ஃபோர்டு எவ்வளவு செலவழிக்கிறது?

முதலில் "ஃபோர்டு அணி" என்று சொல்வதை நிறுத்துங்கள். அப்படி ஓர் அணி கிடையாது. 2024இல் ஃபோர்டு காரை ஓட்டியவை பென்ஸ்கி, ஆர்எஃப்கே, ஸ்டூவர்ட்-ஹாஸ், ஃப்ரன்ட் ரோ, வுட் பிரதர்ஸ், ரிக் வேர் ஆகிய அணிகள். ஒவ்வொன்றுக்கும் தனி முதலாளி, தனிப் பட்டறை, தனி விளம்பரதாரர்கள்.

அப்படியானால் ஃபோர்டு என்னதான் தருகிறது? முதலாவது, காரின் உடல் வடிவம். 2022 முதல் ஓடும் காரில் அடிச்சட்டம், கியர்பாக்ஸ், சக்கரம் எல்லாம் எல்லா அணிகளுக்கும் பொது. குறிப்பிட்ட நிறுவனங்களிடமிருந்துதான் வாங்க வேண்டும். ஒரு பிராண்டின் காரை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுபவை மேல்தகடும் எஞ்சினும்தான். எஞ்சினை ஃபோர்டு அணிகளுக்கெல்லாம் ரவுஷ் யேட்ஸ் நிறுவனம் கட்டித் தருகிறது. இரண்டாவது, அறிவு: காரின் மேல் காற்று எப்படிப் பாய்கிறது என்று பார்க்கும் காற்றுச் சுரங்கச் சோதனை, வட கரோலினாவின் கான்கார்டில் உள்ள தொழில்நுட்ப மையம், பந்தயத்துக்கு முன்பே ஓட்டுநர் ஓட்டிப் பார்க்கும் சிமுலேட்டர்.

2024இல் மஸ்டாங் டார்க் ஹார்ஸ் என்ற புது உடலோடு வந்தார்கள். நாஸ்கார் ஒப்புதல் கொடுத்துவிட்டால் பருவத்தின் நடுவே நினைத்தபடி மாற்றிக்கொள்ள முடியாது. தொடக்கத்தில் திண்டாட்டம். மே 12 அன்று டார்லிங்டனில் ஆர்எஃப்கே அணியின் பிராட் கெசலோவ்ஸ்கி வெல்லும்வரை ஃபோர்டுக்கு ஒரு வெற்றிகூட இல்லை. அதற்கு முந்தைய வாரம் கான்ஸஸில் இன்னொரு ஃபோர்டு ஓட்டுநர் கிறிஸ் பியூஷர் 0.001 நொடியில் ஷெவர்லே ஓட்டுநர் கைல் லார்சனிடம் தோற்றார். கப் வரலாற்றிலேயே மிக நெருக்கமான முடிவு அது. அந்த ஆயிரத்தில் ஒரு நொடி கிடைத்திருந்தால் பியூஷர் பிளேஆஃபில் இருந்திருப்பார். கிடைக்கவில்லை, செப்டம்பரில் வாட்கின்ஸ் கிளென்னில் வென்றார், அதற்குள் கதவு மூடிவிட்டது.

கடைசி நேரத்தில் உள்ளே குதித்தவர்களும் உண்டு. ஹாரிசன் பர்ட்டன் டேடோனாவில் வென்றார். அது வுட் பிரதர்ஸ் அணியின் நூறாவது வெற்றி. சேஸ் பிரிஸ்கோ வழக்கமான பருவத்தின் இறுதிப் பந்தயத்தை வென்றார்; மூடப்போவதாக முன்பே அறிவித்துவிட்ட ஸ்டூவர்ட்-ஹாஸ் அணிக்காக.

செலவுக் கணக்கை நிறுவனம் வெளியிடுவதில்லை. நான் ஊகிக்க மாட்டேன்.

கார்பிரியன்: கடையில் விற்கும் மஸ்டாங்தானே இது?

இல்லை. கதவு திறக்காது. முகப்பு விளக்கு வெறும் ஒட்டுப்படம்.

திருப்பம்: லோகானோ அதிர்ஷ்டத்தில்தானே சாம்பியன் ஆனார்? போமனின் கார் எடை குறையாவிட்டால் அவர் கதை முடிந்திருக்குமே.

முடிந்திருக்கும், உண்மைதான். பிளேஆஃபின் இரண்டாம் கட்டத்தின் கடைசிப் பந்தயம் சார்லட் ரோவல் தடத்தில். அங்கே லோகானோ நான்கு புள்ளிகளில் வெளியேறிவிட்டார். பந்தயம் முடிந்த பிறகு நடந்த சோதனையில் அலெக்ஸ் போமனின் ஷெவர்லே குறைந்தபட்ச எடையைத் தொடவில்லை. பந்தயத்தில் டயர் தேயும், எண்ணெயும் நீரும் குறையும். அதற்காக அரை சதவீதம் வரை விட்டுக்கொடுக்கிறார்கள். அதையும் தாண்டிக் குறைந்திருந்தது. போமன் தகுதி நீக்கம், லோகானோ உள்ளே. போமனின் ஹென்ட்ரிக் அணி மேல்முறையீடுகூடச் செய்யவில்லை.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். அடுத்த வாரம் லாஸ் வேகாஸ், அடுத்த கட்டத்தின் முதல் பந்தயம். வேகத்தில் கிறிஸ்டஃபர் பெல்லின் டொயோட்டா எல்லாரையும் விஞ்சியிருந்தது. லோகானோவின் க்ரூ சீஃப் (காரின் உத்தியை முடிவுசெய்யும் தலைவர்) பால் வுல்ஃப் வேறு கணக்குப் போட்டார்: மற்றவர்கள் கடைசியாக ஒரு முறை எரிபொருள் போட வரட்டும், நாம் வர வேண்டாம். தொட்டியின் கொள்ளளவு 20 கேலன். அதை நீட்டிப்பது ஓட்டுநரின் காலில் இருக்கிறது. வளைவுக்கு வெகு முன்பே காலை எடுத்துவிட்டு, காரைத் தானாக உருளவிட்டு, எஞ்சின் வேகத்தை இறக்கி, ஆனால் பின்னால் வருபவன் எட்டிப்பிடிக்காத அளவுக்கு மட்டும் மெதுவாக ஓட்ட வேண்டும். ஒரு சுற்றில் கொஞ்சம் கூடுதலாக மிதித்தால் கடைசிச் சுற்றில் நடுத்தடத்தில் நிற்பீர்கள். அதே உத்தியில் முன்னால் போய்க்கொண்டிருந்த டேனியல் சுவாரெஸைக் கடைசிச் சில சுற்றுகளில் தாண்டினார். பெல் இரண்டாவது.

அந்த வெற்றியால் அடுத்த இரண்டு பந்தயங்களும் லோகானோவுக்குக் கணக்கில் இல்லாதவை ஆயின. மற்றவர்கள் ஹோம்ஸ்டெட்டிலும் மார்ட்டின்ஸ்வில்லிலும் உயிரைக் கொடுத்துக்கொண்டிருந்தபோது அவருடைய பட்டறை பீனிக்ஸ் காரை மட்டும் செதுக்கிக்கொண்டிருந்தது. மற்ற மூவரையும் பீனிக்ஸில் ஓட்டித் தோற்கடித்தார். அதற்குப் பெயர் அதிர்ஷ்டமா?

பழைய ரசிகர்: டல்லடேகாவில் ஃபோர்டு கார்கள் கூட்டாக ஓட்டியதைப் பற்றிச் சொல்லுங்கள் ஐயா.

நல்ல கேள்வி. டல்லடேகா நீளமான அதிவேகத் தடம். அங்கே தனியாக ஓட்டுபவன் பின்தங்குவான். முன்னால் போகும் கார் காற்றைக் கிழித்துக்கொடுக்க, பின்னால் வரும் கார் பம்பரால் தள்ள, வரிசையாகப் போனால்தான் வேகம். அதனால் ஃபோர்டு, ஷெவர்லே, டொயோட்டா ஆகிய மூன்று தயாரிப்பாளர்களின் ஓட்டுநர்களும் முன்பே பேசிவைத்து ஒன்றாகவே பிட்டுக்குள் நுழைகிறார்கள், ஒன்றாகவே வெளியே வருகிறார்கள்.

அந்த ஒற்றுமையின் விலையும் 2024 பிளேஆஃபின் டல்லடேகா பந்தயத்தில் தெரிந்தது. முடிய ஐந்து சுற்றுகள் இருந்தபோது முன்னால் பென்ஸ்கி அணியின் ஆஸ்டின் சிண்ட்ரிக். அவருக்குப் பின்னால் லோகானோ, லோகானோவுக்குப் பின்னால் கெசலோவ்ஸ்கி. மூன்றும் ஃபோர்டு. கெசலோவ்ஸ்கி தள்ள, அந்த விசையோடு லோகானோ சிண்ட்ரிக்கின் பின்பக்கம் மோத, சிண்ட்ரிக்கின் கார் குறுக்கே திரும்பியது. 28 கார்கள் சிக்கின. வென்றது ஸ்டென்ஹவுஸின் ஷெவர்லே. வெற்றியின் வாசலில் நின்ற சிண்ட்ரிக் அடுத்த வாரம் பிளேஆஃபை விட்டே வெளியேறினார். தள்ளியவர்களில் ஒருவர் அவருடைய சொந்த அணித் தோழர்.

மூன்றாம் வளைவு: மார்ட்டின்ஸ்வில்லில் ஷெவர்லேவையும் டொயோட்டாவையும் தண்டித்தார்கள். ஃபோர்டு செய்தால் மட்டும் உத்தியா?

தெரியாதவர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நவம்பர் 3, அரை மைல் தடம், இறுதி நால்வரில் கடைசி இடம் ஷெவர்லேயின் வில்லியம் பைரனுக்கா டொயோட்டாவின் பெல்லுக்கா என்ற நிலை. ஒரு புள்ளி, அதாவது ஒரே ஒரு இடம், விதியைத் தீர்மானிக்கும். பைரனுக்குப் பின்னால் ஆஸ்டின் டில்லனும் ராஸ் சாஸ்டெய்னும், இரண்டும் ஷெவர்லே, பக்கம் பக்கமாக ஓட்டினார்கள்; அவரைத் தாண்டவும் இல்லை, பின்னால் வருபவர்களைத் தாண்டவிடவும் இல்லை. மறுபக்கம் பப்பா வாலஸின் டொயோட்டா திடீரென்று மெதுவாகியது. டயரில் கோளாறு என்றார். பெல் அவரைத் தாண்டி அந்தப் புள்ளியைப் பெற்றார். ஆனால் கடைசி வளைவில் கார் வழுக்கிச் சுவரில் ஒட்டி, சுவரோடு உரசியபடியே எல்லைக்கோட்டைக் கடந்தார். 2022இல் இதே தடத்தில் சாஸ்டெய்ன் சுவரோடு ஓட்டி ஐந்து கார்களைத் தாண்டியபிறகு தடைசெய்யப்பட்ட செயல் அது. ஏறக்குறைய அரை மணி நேர ஆலோசனைக்குப் பின் பெல் வெளியே, பைரன் உள்ளே.

தண்டனை: மூன்று ஓட்டுநர்களுக்கும் மூன்று அணிகளுக்கும் தலா ஒரு லட்சம் டாலர் அபராதம், 50 புள்ளிகள் பறிப்பு, க்ரூ சீஃப், ஸ்பாட்டர் (உயரத்திலிருந்து பார்த்து ஓட்டுநருக்கு ரேடியோவில் வழி சொல்பவர்), நிர்வாகி ஒருவர் பீனிக்ஸுக்கு வரக்கூடாது.

இப்போது உங்கள் கேள்வி. டல்லடேகாவில் தள்ளுபவன் தானும் முன்னேறுகிறான். மார்ட்டின்ஸ்வில்லில் அந்த மூவரும் தங்கள் இடத்தைத் தாங்களே விட்டுக்கொடுத்தார்கள். இரண்டும் ஒன்றல்ல.

மூன்றாம் வளைவு: அப்படியானால் பீனிக்ஸ்? கடைசிச் சுற்றுகளில் பிளேனி லோகானோவை நெருங்கினார், இடிக்கவே இல்லை. இருவரும் பென்ஸ்கி. முதலாளிக்கு யார் வென்றாலும் லாபம்.

முதலாளிக்கு லாபம், பிளேனிக்கு? அவர் நடப்புச் சாம்பியன். அடுத்தடுத்து இரண்டு கோப்பை வெல்லும் வாய்ப்பை எவன் பரிசாகக் கொடுப்பான்? இடைவெளி 0.330 நொடி. இடிக்கும் தூரத்துக்கு அவர் வந்து சேரவே இல்லை. பந்தயத்தை முழுதாகப் பாருங்கள்.

மூன்றாம் வளைவு: முழுதாகத்தான் பார்த்தேன். ஒரே பிராண்டுக்காரர்கள் ஒருவருக்கொருவர் உதவுவது வாரந்தோறும் நடக்கிறது. கோட்டை எங்கே போடுவீர்கள்?

இது நியாயமான கேள்வி. வாரந்தோறும் நடப்பது உண்மைதான். வேகமாக வரும் தோழனுக்கு மல்லுக்கட்டாமல் வழிவிடுவதை யாரும் குற்றம் என்பதில்லை. கோடு 2013இலேயே போடப்பட்டது. ரிச்மண்டில் கிளின்ட் போயர் கடைசி நேரத்தில் சுழன்றார்; அணித் தோழர் ட்ரூவெக்ஸைப் பிளேஆஃபுக்குள் கொண்டுவர அவருடைய மைக்கேல் வால்ட்ரிப் அணி அன்று தில்லுமுல்லு செய்தது என்று நாஸ்கார் முடிவுசெய்தது. அணிக்கு 3 லட்சம் டாலர் அபராதம், ட்ரூவெக்ஸ் வெளியேற்றம், வாய்ப்பை இழந்திருந்த ஜெஃப் கார்டனுக்குப் பிளேஆஃபில் 13ஆவது இடம் புதிதாக உருவாக்கம். அன்று வந்தது நூறு சதவீத விதி: எல்லா ஓட்டுநரும் முழு முயற்சியோடு ஓட்ட வேண்டும்.

2024 காட்டியது அந்த விதியின் ஓட்டையை. ஓட்டுநரையும் அணியையும் தண்டிக்க வழி இருந்தது. மூன்று அணிகளையும் ஒரே திசையில் இழுத்த பிராண்டைத் தொட வழி இல்லை. 2025க்கு முன் அதையும் அடைத்தார்கள். இனி தயாரிப்பாளரின் புள்ளிகளையும் காற்றுச் சுரங்க நேரத்தையும் பறிக்கலாம். பண அபராதம் ஒரு கார் நிறுவனத்துக்குத் தூசு. காற்றுச் சுரங்க நேரம் போனால் வலிக்கும்.

மூன்றாம் வளைவு: ஃபோர்டு ரசிகர் என்பதால் பேசுகிறீர்கள்.

சரி, அடுத்தவர்.

வேகமணி: தயாரிப்பாளர் கோப்பையையும் ஃபோர்டுதானே வென்றது?

இல்லை, ஷெவர்லே. அந்தக் கணக்கில் ஒவ்வொரு பந்தயத்திலும் ஒரு பிராண்டின் முதலாவது கார் மட்டுமே சேரும். ஓட்டுநர் கோப்பை 2022 முதல் 2024 வரை மூன்று ஆண்டுகளும் ஃபோர்டுக்கு: லோகானோ, பிளேனி, லோகானோ. 2024இல் ஷெவர்லே ஆண்டு முழுக்க அதிகம் வென்றது, ஃபோர்டு பீனிக்ஸில் வென்றது. விளம்பரத்தில் எது பெரிய எழுத்தில் வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கண்ணாடி: லோகானோ தகுதியான சாம்பியனா? சராசரி இடம் 17க்கும் கீழே!

மேலே எழுதியிருக்கிறேன். சராசரிக்குக் கோப்பை தருவதாக விதியில் எங்கும் இல்லை.

அருண்: ஆறு வெற்றி பெற்ற லார்சன் இறுதிக்கே வரவில்லையே, அநியாயம் இல்லையா?

அநியாயம் என்று சொல்லும் உரிமை லார்சனுக்கு உண்டு. வேறொரு தொடரின் இன்டி 500 பந்தயத்தை ஓட்டப்போய், அதே நாளில் நடந்த நாஸ்காரின் கோகா கோலா 600ஐத் தவறவிட்டார். வழக்கமான பருவத்தின் முதலிடத்தை டொயோட்டா ஓட்டுநர் டைலர் ரெடிக்கிடம் ஒரே ஒரு புள்ளியில் இழந்தார். இப்படிப்பட்ட முறையீடுகள் குவிந்துதான் 2026இல் கட்டம் கட்டமாக வெளியேற்றும் முறையையே கைவிட்டார்கள். 16 பேர், பத்துப் பந்தயம், மொத்தப் புள்ளி, அவ்வளவுதான். எனக்கு இது பிடித்திருக்கிறது. பீனிக்ஸின் பதற்றம் போய்விட்டதே என்று புலம்புபவர்களோடு வாதிட எனக்குத் தெம்பில்லை.

கோவைக்காரன்: நம் நரேன் கார்த்திகேயன் நாஸ்காரில் ஓட்டியது உண்மையா?

உண்மை. 2010இல் டிரக் தொடரில், மார்ட்டின்ஸ்வில்லில்தான் அறிமுகம், 13ஆவதாக முடித்தார். அந்த ஆண்டு அந்தத் தொடரின் ரசிகர் விருப்ப ஓட்டுநர் விருதும் அவருக்குத்தான்.

ரேஸ்ராஜா: லோகானோ லக்கி சாம்பியன் என்பதை ஒப்புக்கொள்வீர்களா?

மாட்டேன். லாஸ் வேகாஸ் பந்தயத்தின் கடைசி ஐம்பது சுற்றுகளை ஓட்டுநர் ரேடியோவோடு கேட்டுவிட்டு வாருங்கள், பேசுவோம்.

சீறும்பாம்பு: ஃபார்முலா 1 காருக்கும் இதற்கும் எது வேகம்?

ஃபார்முலா 1 தெரிந்தவரிடம் கேளுங்கள். டயர் பற்றிக் கேட்ட மூவருக்கும் தனியாக எழுதுகிறேன். அது இங்கே அடங்காது.