கொட்டேஷனில் ‘டைகாம் உண்டு’ என்று போட்டால் போதுமா?

கேள்வி: சிறிய ஸ்கேன் சென்டர் நடத்துகிறேன். எக்ஸ்ரே, சி.டி. படங்கள் ஏற்கெனவே, படங்களைச் சேமித்துவைக்கும் பாக்ஸ் சர்வருக்குப் போய்ச் சேர்கின்றன. இப்போது எக்கோவும் எடுக்கக்கூடிய அல்ட்ராசவுண்ட் மெஷின் வாங்கப்போகிறேன். கொட்டேஷனில் ‘டைகாம் உண்டு’ என்று ஒரு வரி இருக்கிறது. நம்பி அட்வான்ஸ் கொடுக்கலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். அந்த ஒரு வரியை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

டைகாம் என்பது மருத்துவப் படங்களை மெஷின்களும் சர்வர்களும் பரிமாறிக்கொள்வதற்கான பொதுத் தரம். 1985-இல் ஏ.சி.ஆர்.-நெமா என்று வெளிவந்த தரம், 1993-இல் டைகாம் ஆனது. அது முக்கியமாக இரண்டைச் சொல்கிறது. தகவல் பொருள் என்றால், படத்தோடு நோயாளியின் பெயர், அடையாள எண், பரிசோதனைத் தேதி என்று என்னென்ன இருக்க வேண்டும் என்பது. சேவை என்றால், அதை அனுப்புவதா, தேடுவதா, ஃபிலிமில் அச்சடிப்பதா என்பது. இரண்டும் சேர்ந்த ஜோடிதான் எஸ்.ஓ.பி. கிளாஸ். ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு. மெஷினுக்கும் சர்வருக்கும் அதே ஜோடி தெரிந்திருக்க வேண்டும். ஒன்று அந்தச் சேவையைக் கேட்கும் பக்கமாகவும், மற்றது செய்துகொடுக்கும் பக்கமாகவும் இருக்க வேண்டும்.

உங்கள் சிக்கல் இங்கேதான் வரும். அல்ட்ராசவுண்டின் அசையாத படத்துக்கான எண் 1.2.840.10008.5.1.4.1.1.6.1. எக்கோவில் இதயம் துடிக்கும் லூப்புக்கு முடிவு மட்டும் மாறி, 3.1 என்று வரும். சர்வர் முதலாவதை மட்டும் ஏற்றால், படம் போகும், லூப் போகாது. அளவுகளை அனுப்பும் ஸ்ட்ரக்சர்டு ரிப்போர்ட்டுக்கும் தனி எண்தான்.

ஆகவே, வாங்கும் மாடலுக்கும் அதன் சாஃப்ட்வேர் வெர்ஷனுக்கும் உரிய ‘கன்ஃபார்மன்ஸ் ஸ்டேட்மென்ட்’ கேளுங்கள்; எந்தெந்த எஸ்.ஓ.பி. கிளாஸ் அதற்குத் தெரியும் என்று சொல்லும் ஆவணம் அது. சர்வர்காரரிடமும் ஒன்று வாங்கி, எண்களை ஒப்பிடுங்கள். இது தயாரிப்பாளர் தாமே எழுதித் தருவது, யாரும் சோதித்துக் கொடுக்கும் சான்றிதழ் கிடையாது.

அப்புறம், பதிவான நோயாளிகளின் பட்டியலை மெஷின் திரைக்கே கொண்டுவரும் ‘வொர்க்லிஸ்ட்’ வசதி விலையில் அடக்கமா என்று கேளுங்கள். பல மெஷின்களில் அது தனி லைசென்ஸ். அது இல்லாவிட்டால் நோயாளி பெயரை மெஷினில் மறுபடி தட்ட வேண்டும். முருகேசன் ஒரு நாள் முருகேஷ் ஆகிவிடுவார், பழைய படம் தேடினால் கிடைக்காது.

பொருத்த வரும் இன்ஜினியர் ‘வெரிஃபிகேஷன் ஓகே’ என்று திரையைக் காட்டுவார். தொடர்பு இருக்கிறது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. ஒரு எக்கோ லூப் சர்வரில் போய் ஓடிய பிறகே மீதிப் பணம் என்று பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள்.