கொம்பன் சுறா, அழுங்காமை: எதற்கு ஆபத்து அதிகம்?

சுத்தியல் போன்ற தலையுள்ள கொம்பன் சுறா, கடலாமை வகையான அழுங்காமை இரண்டுமே ‘மிக அருகிய இனம்’ என்ற பட்டியலில்தான் இருக்கின்றன. அதாவது, சாகிற வேகத்துக்குப் பிறப்பு ஈடுகொடுக்கவில்லை. பெருகும் விதம்தான் வேறு.

நீலகிரியில் எங்கள் கேத்திப் பக்கம் கேரட் விதையை அள்ளித் தூவுவோம். உருளைக்கிழங்கை முளை பார்த்து ஒவ்வொன்றாக ஊன்றுவோம். அழுங்காமை கேரட் ரகம். ஒரு குழியில் நூற்றுக்கும் மேல் முட்டையிட்டு, மணலை மூடிவிட்டுக் கடலுக்குப் போய்விடும். நண்டும் பறவையும் தின்றது போக மிஞ்சுவது கொஞ்சம். சுறா கிழங்கு ரகம். வயிற்றிலேயே வளர்த்து 20, 30 குட்டிகள் ஈனும்.

சுறாவைத் துடுப்புக்காகவும், ஆமையை ஓட்டுக்காகவும் (சீப்பு, வளையல் செய்யத்தான்!) பிடித்தார்கள். வலை இரண்டுக்கும் எமன்.

முட்டை நூறு என்பதால் ஆமைக்குக் கவலையில்லை என்று சிலர் நினைப்பதுண்டு. ஆனால் தப்பிய குஞ்சு முட்டையிடும் வயதுக்கு வரவே 20 ஆண்டுக்கு மேல் ஆகும்.