தண்ணீர் மேல் நடக்க எத்தனை பெரிய பாதம் வேண்டும்?

கேள்வி: எங்கள் ஊர்க் கோயில் கேணியில் நீண்ட கால்களுள்ள சில பூச்சிகள் தண்ணீருக்கு மேலே ஓடித் திரிகின்றன. ஓர் அற்பப் பூச்சிக்கு முடிவது, மனதை ஒருமுகப்படுத்திப் பழகினால் மனிதனுக்கும் முடியாதா? (இணுவில் வாசகர்)

பதில்: முடியாது. பூச்சிக்கு முடிவதே அது அற்பமாக இருப்பதால்தான்.

தண்ணீரின் மேற்பரப்பு இழுத்துக் கட்டிய மெல்லிய தோல் மாதிரி நிற்கிறது. பள்ளிக்கூடத்தில் மேற்பரப்பு இழுவிசை என்று படித்திருப்பீர்கள். சுத்தமான தண்ணீரில் அது தாங்கக்கூடியது, தொடுகிற விளிம்பின் ஒவ்வொரு மீற்றருக்கும் ஏறக்குறைய 7.3 கிராம். நீங்கள் 60 கிலோ என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பாதங்களின் விளிம்பு 8 கிலோமீற்றருக்கு மேல் நீண்டிருக்க வேண்டும். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்திலிருந்து சுன்னாகம் போகும் வழியில் முக்கால்வாசித் தூரம்! அந்தப் பாதத்துக்குச் செருப்பு வாங்குவதை நினைத்தாலே தலை சுற்றுகிறது.

பூச்சிக்கு இந்தக் கவலை இல்லை. உடம்பு பஞ்சு போல; காலோ நீளம். போதாததற்குக் கால் முழுக்க மெழுகு பூசிய நுண்மயிர்கள், அவற்றுக்கிடையே சிக்கிய காற்று. கால் நனைவதே இல்லை. ஒற்றைக் கால் பூச்சியின் முழு எடையைப்போல 15 மடங்கைத் தாங்கும் என்று 2004இல் சீன ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். நடுக்கால்கள் இரண்டும் துடுப்பு, பின்கால்கள் சுக்கான், முன்கால்கள் இரை பிடிக்க. நடக்கிறது என்று நாம்தான் சொல்கிறோம். உண்மையில் அது வள்ளம் வலிக்கிறது.

மனம் ஒருமிப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். அதுவும் உண்டு, ஆனால் சாப்பாட்டில். கேணிக்குள் ஓர் எறும்பு விழுந்து தத்தளித்தால், அந்தச் சிற்றலையைக் காலாலேயே உணர்ந்து பாய்ந்து வரும். பிறகு ஊசி வாயைக் குத்தி உறிஞ்சிவிடும். ஞானியின் வேலையா இது?

அப்புறம், கேணிப் படியில் யாராவது சவர்க்காரம் போட்டுக் குளிப்பவர்களாக இருந்தால் கவனியுங்கள். சவர்க்காரம் கரைந்த தண்ணீரில் இழுவிசை பாதிக்கும் கீழே இறங்கிவிடும். காலிலுள்ள மயிரும் நனைந்துவிடும். பூச்சி தாழும். தவம் கலைந்துவிட்டது என்று அடுத்த கேள்வியை அனுப்பிவிடாதீர்கள்.