தேய்மானத் தகடுல 400, 450, 500னா என்ன? உங்க கேள்விகளுக்கு பதில்

தேய்மானத் தகடுல (கல்லு, மணல் உரசுனாலும் சீக்கிரம் தேயாத ஸ்டீல் தகடு) 400, 500னு எழுதியிருக்கே, அது ஸ்ட்ரெங்த்தா?

இல்லைங்க, பிரினெல் ஹார்ட்னஸ், அதாவது தகடு எவ்ளோ கடினம்ங்கற அளவு. 10 மி.மீ. டங்ஸ்டன் கார்பைடு குண்டை 3000 கிலோ லோடு வச்சு தகட்டுல அமுக்குவாங்க, விழுற குழி எவ்ளோ சின்னதோ நம்பர் அவ்ளோ பெருசு. சாதா எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) தகடு 120, 150 பக்கம் நிக்கும். 400னா அச்சு அசலா 400னு நினைச்சுடாதீங்க, ஹார்டாக்ஸ்ங்கற தேய்மானத் தகடு பிராண்டையே எடுத்தா 450ங்கறது 425ல இருந்து 475 வரைக்கும், 500ங்கறது 470ல இருந்து 530 வரைக்கும், அதனால 450ல மேல் பக்கம் இருக்கறதும் 500ல கீழ் பக்கம் இருக்கறதும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

நாமக்கல்ல டிப்பர் பாடி கட்டுறோம். ஃப்ளோருக்கு 8 மி.மீ. எம்.எஸ். போடுறோம். 500க்கு மாறலாமா?

450 போதும்ணே. டிப்பர்ல கல்லு மேல இருந்து விழுந்து அடிக்கும், அப்புறம் சறுக்கும், ரெண்டையும் தாங்கணும். 500 சறுக்கல் தேய்மானத்துக்கு நல்லா நிக்கும், ஆனா பெண்டு பண்ணும்போது ரேடியஸ் பெருசா வேணும், உங்க பழைய டையிலயே (மடிக்கிற அச்சு) மடிச்சா வளைவுல விரிசல் விடும். லாபம் எடைலயும் இருக்கு: ஒரு சதுர மீட்டருக்கு ஒவ்வொரு மி.மீ.க்கும் 7.85 கிலோ. 20 சதுர மீட்டர் பாடில 8ஐ 5 ஆக்குனா 470 கிலோ கொறையும், அவ்ளோ ஜல்லி கூட ஏத்தலாம்.

கிரஷர்ல கல்லை நசுக்குற ஜா பிளேட் வெறும் 200 பிரினெல்தானாமே, 500 தகடு வெட்டிப் போட்டா என்ன?

வேணாம் தம்பி. அது மாங்கனீஸ் ஸ்டீல், 1882ல ஹேட்ஃபீல்டு கண்டுபிடிச்சது, 12 சதவீதம் பக்கம் மாங்கனீஸ் இருக்கும். கல்லு நசுங்க நசுங்க அதோட மேல்பரப்பு இறுகி 500 பக்கம் போகும், உள்ள மெத்துனு இருக்கறதால உடையாது. அதே மாங்கனீஸை வெறும் மணல் சறுக்கி இறங்குற சரிவுத் தொட்டில (chute) போட்டா அடி விழாது, இறுகாது, சீக்கிரம் தேஞ்சிடும். அங்கதான் 400, 500 தகடு வேணும்.

புது பக்கெட்ல வெல்டு பக்கத்துல மட்டும் பள்ளமா தேயுது, தகடு டூப்ளிகேட்டா?

தகடு நல்லதாவே இருக்கலாம், சூடுதான் கெடுத்திருக்கும். இந்த ஹார்ட்னஸ் காய்ச்சி சடார்னு குளிர வச்சு வந்தது, 250 டிகிரி தாண்டுனா இறங்க ஆரம்பிச்சிடும். நிறைய பட்டறைல அவசரத்துக்கு கேஸ் கட்டிங், ஒரே மூச்சுல நீள வெல்டுனு போட்டு காசு குடுத்து வாங்குன ஹார்ட்னஸ பட்டறைலயே தொலைச்சிடறாங்க, பாக்கவே மனசு கஷ்டமா இருக்கு. முடிஞ்சா பிளாஸ்மால வெட்டுங்க. ஓவன்ல காய வச்ச 7018 ராடுதான் (ஹைட்ரஜன் கம்மியா விடற வெல்டிங் ராடு) போடணும், ஈரம் இருந்தா ஹைட்ரஜன் ஏறி ரெண்டு நாள் கழிச்சுக்கூட விரிசல் வரும். தடிமன் கூடுனா மில் (தகடு தயாரிச்ச கம்பெனி) குடுத்த டேபிள் பாத்து ப்ரீஹீட் குடுங்க, அதாவது வெல்டுக்கு முன்னாடி லேசா சூடேத்துங்க. வெல்டு மெட்டலே தகட்டை விட மெத்துனுதான் இருக்கும், அதனால ஜாயிண்ட்டை கல்லு நேரா உரசாத இடத்துக்குத் தள்ளுங்க.

கடைல வெறும் வாயால 'ஏஆர் 400' (தேய்மானம் தாங்குற 400 தகடு)ங்கறாங்க, நம்பலாமா?

மில் டெஸ்ட் சர்டிபிகேட் கேளுங்க, அதுல இருக்கற ஹீட் நம்பரும் (ஸ்டீல் உருக்குன பேட்ச் நம்பர்) தகட்டுல அடிச்ச நம்பரும் ஒண்ணானு பாருங்க. போர்ட்டபிள் டெஸ்டர் வச்சு பாக்கறதா இருந்தா மேல்தோல் ஒரு மி.மீ. கிரைண்ட் பண்ணிட்டு வைங்க, இல்லனா நல்ல தகடும் கொறச்சுக் காட்டும். மெல்லிசு தகட்டுல அந்த டெஸ்டரை நம்பாதீங்க, லேப்ல குடுத்து பிரினெல் எடுங்க.